இரண்டாம் வரிசையில் ஒரு 'நீ'

எர்மெலிந்தா விமானத்துக்குள் காலை வைத்ததும் அவளுக்குக் கிடைத்த முதல் உபசாரம் ஒரு 'நீ'.

"ஏம்மா, நீ இங்க நிக்காத, நேரா பின்னாடி போ," என்றாள் வாசலில் நின்ற பணிப்பெண். சட்டையில் குத்தியிருந்த பெயர் ஓர்னெல்லா. முப்பது வயது இருந்தால் அதிகம். எர்மெலிந்தாவுக்கு ஐம்பத்தேழு. இவளுக்கு முன்னால் ஏறிய கோட்டுக்காரருக்கு "வாங்க சார், நீங்க இந்தப் பக்கம்" என்று தேன் ஒழுகியது. அவருக்கு முன்னால் கிழிந்த ஜீன்ஸோடு ஏறிய இளவட்டத்துக்கும் அதே தேன்தான். எர்மெலிந்தாவின் மலைநாட்டு அடுக்குப் பாவாடையையும் வட்டத் தொப்பியையும் இரட்டைச் சடையையும் கண்டதும் நாக்கு தானாக ஒரு படி கீழே இறங்கிவிட்டது. எங்கே 'நீங்க', எங்கே 'நீ' என்று தலைநகரத்து லிமாக்காரிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதைவிட எரிச்சல், எர்மெலிந்தாவின் வாய் "சரிங்க, செனோரிதா" என்று, வீட்டுச் சின்ன எஜமானிக்குச் சொல்வது போல, பதில் சொல்லிவிட்டதுதான். பதினொரு வயதிலிருந்து இருபது வயது வரை அரெகிப்பாவில் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்து, அந்த வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்த காலத்து வாய் அது. அங்கிருந்து வெளியே வந்து முப்பத்தேழு வருஷமாகியும் அதற்கு ரோஷம் வரவில்லை. இரண்டு எட்டு பின்னால் நடந்தும் விட்டாள். அப்புறம்தான் சுரீரென்று கோபம் ஏற, திரும்பி வந்து சீட்டை நீட்டினாள்.

"இரண்டு ஏ. பிசினஸ் கிளாஸ்."

ஓர்னெல்லா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கள்ள நோட்டைக்கூட அவ்வளவு நேரம் யாரும் பார்க்க மாட்டார்கள். பிறகு இரண்டாம் வரிசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது.

"ஓ, பாப்பாவப் பாத்துக்க வந்திருக்கியா! முதல்லயே சொல்லக் கூடாது? போ, போய் உக்காரு."

ஜன்னலோரம் எர்மெலிந்தாவின் இடம். பக்கத்து சீட்டில் அந்தக் குடும்பத்தின் அம்மா, அல்மெந்த்ரா. நடைபாதைக்கு அந்தப் பக்கம் அவள் புருஷனும், மூன்று வயதுப் பெண் மைதேயும். இந்த மாதிரிக் குடும்பங்கள் வெள்ளைச் சீருடை போட்ட ஆயாவோடு பறப்பது லிமாவில் எல்லாரும் பார்க்கிற விஷயம்தான். இவர்கள் ஆயா இல்லாமல் வந்திருந்தார்கள். ஓர்னெல்லா ஒருத்தியைக் கையோடு கொடுத்துவிட்டாள்.

அவள் சொன்னது அல்மெந்த்ராவின் காதிலும் விழுந்தது. 'இவங்க எங்க ஆள் இல்லை' என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். செல்போனைப் பார்த்தபடி இருந்துவிட்டாள்.

எர்மெலிந்தாவும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன சொல்வது? ஹூலியாக்கா என்கிற எங்கள் ஊருக்கும் லிமாவுக்கும் நடுவில் ஓடுகிற இரட்டைத்தட்டு பஸ்கள் பதினொன்றுக்கு நான் முதலாளி, சாவ் பாவ்லோவுக்குப் பன்னிரண்டாவது பஸ் பார்க்கப் போகிறேன் என்றா? சொன்ன மாத்திரத்தில் 'நீங்க' வரும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அது பஸ்ஸுக்கு வருகிற மரியாதை. சீட்டு வாங்கியவள் என்பதற்காக மட்டும் இந்தப் பெண் என்னை 'நீங்க' என்று சொல்ல வேண்டும், சாவ் பாவ்லோ வருவதற்குள் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சபதம் போட்டாள். ஐந்து மணி நேரப் பயணம் முன்னால் இருந்தது.

அவளுடைய பஸ்களில் அதுதான் முதல் சட்டம். 'ஏம்மா' கிடையாது, 'நீ' கிடையாது. படுத்துக்கொண்டு போகிற விலை கூடிய கீழ்த்தட்டோ, உட்கார்ந்து போகிற மலிவான மேல்தட்டோ, சீட்டு வாங்கியவர்கள் எல்லாரும் 'நீங்க'. மீறிய இரண்டு பணிப்பெண்களை நடுவழியில் இறக்கிவிட்டவள் அவள். இந்த பிசினஸ் கிளாஸ் சீட்டை வாங்கியதே கீழ்த்தட்டுப் பயணிகளுக்கு இன்னும் என்னென்ன செய்யலாம் என்று பார்த்து வைத்துக்கொள்ளத்தான். பார்த்துவிட்டாள். இருக்கை அவளுடைய கீழ்த்தட்டு இருக்கையைவிட இரண்டு விரல் குறுகல். கம்பளி பரவாயில்லை. உபசாரம் குப்பை.

விமானம் மேலே போய் நிலைகொண்டதும் ஓர்னெல்லா சூடான ஈரத் துண்டுகளோடு வந்தாள். அல்மெந்த்ராவுக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று. எர்மெலிந்தாவின் மடியில் வண்ணம் தீட்டுகிற புத்தகமும் நாலு கிரேயானும் வந்து விழுந்தன.

"பாப்பா அழுதா இதக் கொடு."

"எனக்குத் துண்டு?" என்றாள் எர்மெலிந்தா.

"மிச்சம் இருந்தா பாக்கறேன்."

மிச்சம் இல்லை போலிருக்கிறது. சாப்பாட்டு அட்டையும் எல்லாருக்கும் வந்து இவளுக்கு வரவில்லை. அல்மெந்த்ரா மீனைக் கேட்டாள், வெள்ளை ஒயினைக் கேட்டாள். கடைசியில் எர்மெலிந்தாவின் முன்னால் கேட்காமலே ஒரு கோழித் தட்டு வந்தது. அவள் தொடவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது, கோபம் அதைவிடப் பலமாகக் கிள்ளியது.

"சாப்பிடலயா?" என்று கேட்டாள் அல்மெந்த்ரா. முதல் பேச்சு. அதிலும் நீயும் இல்லை நீங்களும் இல்லை, பாதி வழியில் நின்றுவிட்ட சொல்.

"அந்தப் பொண்ணு என்னை உங்க வேலைக்காரின்னு நெனச்சிட்டு இருக்கா," என்றாள் எர்மெலிந்தா. "உங்களுக்குத் தெரியும்தானே?"

அல்மெந்த்ராவின் காது சிவந்தது. "ஐயோ, அப்படியா? நான் கவனிக்கவே இல்லையே," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். ஓர்னெல்லா இரண்டு தடவை அந்த வழியாகப் போனாள். அந்த அம்மாளின் கண் திறக்கவில்லை. பிறகு அல்மெந்த்ரா கழிவறைக்குப் போனபோதும், தூங்கும்போது குழந்தை சரிந்தபோதும், "கொஞ்சம் பாத்துக்க" என்று பணிப்பெண் இவளிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். புருஷன்காரன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தான். அல்மெந்த்ரா வாயால் சொன்ன பொய்யைக்கூட மன்னிக்கலாம். இப்படிக் கண்ணை மூடிக் கிடப்பது சோம்பேறித்தனமான பொய், வாயைக்கூடத் திறக்காமல் சொல்கிற பொய்.

இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது ஓர்னெல்லா குழந்தையின் பால் புட்டியைக் கொண்டுவந்து எர்மெலிந்தாவின் பக்கத்தில் நிறுத்தினாள். "சூடு பண்ணிட்டேன். ஆறறதுக்குள்ள நீ கொடுத்துடு." புட்டி அங்கேயே நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதனாலோ போன வருஷத்து சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. அயாவிரி நிறுத்தத்தில் கீழ்த்தட்டுச் சீட்டோடு ஏறிய ஒரு அடுக்குப் பாவாடைக்காரி. கையில் பாலாடைக்கட்டி மூட்டை. பக்கத்தில் உள்ளவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று பஸ் பணிப்பெண் யெசெனியா போன் செய்தாள். மேல்தட்டுக்கு அனுப்பச் சொன்னாள் எர்மெலிந்தா. அது நாற்றத்துக்காக, அது வேறு விஷயம், இது வேறு விஷயம் என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள். அப்போதைக்கு அது தள்ளியதும் போய்விட்டது.

விமானம் இறங்க ஆரம்பித்ததும் மைதே வீறிட்டாள். இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு, மூச்சு நின்று நின்று அழுதாள். அப்பன் அவளை அல்மெந்த்ராவின் மடிக்குத் தள்ளினான். அல்மெந்த்ராவுக்குக் குழந்தையை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. எர்மெலிந்தாவின் கைகள் தாமாக எழுந்தன. அரெகிப்பாவில் பழகிய கைகள். பாதி தூரம் போன கைகளை இழுத்து மடியில் இருந்த தொப்பிக்கு அடியில் அமுக்கிக்கொண்டாள். இப்போது இந்தக் குழந்தையைத் தொட்டால் நான் ஆயா. தொடாவிட்டால் கல்நெஞ்சக்காரி. அழுகிற பிள்ளையைத் தூக்குவதைக்கூட எனக்கு அவமானமாக்கி வைத்திருக்கிறார்களே, இவர்கள் நாசமாகப் போக!

ஓர்னெல்லா விடுவிடுவென்று வந்தாள். "ஏய், என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்க நீ? குழந்தைய எடு! உன்னை எதுக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க?"

"என்னை யாரும் கூட்டிட்டு வரல," என்றாள் எர்மெலிந்தா. குரல் நாலு வரிசைக்குக் கேட்டது. "நான் வாங்கின சீட்டு, நான் உக்காந்திருக்கேன். நம்பிக்கை இல்லேன்னா இந்தம்மாவக் கேளு. நாலு மணி நேரமா தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிக்கிட்டு வராங்க." அல்மெந்த்ராவின் பக்கம் திரும்பினாள். "சொல்லு. நான் உன் வேலைக்காரியா? சொல்லும்மா, வாய் இருக்குல்ல!"

அவள் வேண்டுமென்றேதான் 'நீ' போட்டாள். அது அல்மெந்த்ராவின் முகத்தில் அறைந்த மாதிரி விழுந்தது.

"இல்ல," என்றாள் அல்மெந்த்ரா, குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு. "அவங்க எங்ககூட வந்தவங்க இல்ல. எனக்கு… அவங்க யாருன்னே தெரியாது."

கோட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அப்படின்னா நீ…" என்று ஆரம்பித்தாள் ஓர்னெல்லா, நின்றாள். "நீங்க… மன்னிச்சிடுங்க, செனோரா. நீங்க சொல்லியிருக்கலாமே."

"எதுக்குச் சொல்லணும்? கோட்டு போட்டவரு சொன்னாரா? சீட்டு உன் கையிலதானே இருந்துச்சு!"

பிறகு பால் புட்டியை எடுத்தாள். குழந்தையிடம் நீட்டவில்லை, தாயிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, பிள்ளை வாயில வைங்க. உறிஞ்சி முழுங்கினா காது திறந்துக்கும். தலைய இப்படித் தூக்கிப் பிடிங்க. இல்ல, இன்னும் கொஞ்சம். ஆங்."

மைதே உறிஞ்சினாள். நாலு மடக்கில் அழுகை விக்கலானது. "நன்றிங்க," என்றாள் அல்மெந்த்ரா. எர்மெலிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாவ் பாவ்லோவில் இறங்கும்போது வாசலில் "போயிட்டு வாங்க, செனோரா" என்று ஓர்னெல்லா தலை குனிந்தாள். சபதம் ஜெயித்தாயிற்று. ஆனால் நெஞ்சுக்குள் எதுவும் ஆறவில்லை. தள்ளிவிட்ட பாலாடைக்கட்டி மூட்டை திரும்ப வந்து அங்கே உட்கார்ந்திருந்தது. பெட்டிகள் சுற்றி வருகிற இடத்தில் நின்று ஹூலியாக்கா ஊரில் இருந்த யெசெனியாவுக்குப் போன் போட்டாள்.

"யெசெனியா, போன வருஷம் அயாவிரியில ஒரு அம்மா ஏறினாங்களே, பாலாடைக்கட்டி மூட்டையோட. ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அவங்கள எப்படிக் கூப்பிட்ட? நீயா, நீங்களா? உண்மையச் சொல்லு, இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராத."

"முதல்ல நீங்கன்னுதான்மா கூப்பிட்டேன்."

"முதல்லன்னா?"

"உங்களுக்குப் போன் பண்ணேன்ல. மூட்டைய டிக்கியில போட்டாச்சு, அப்பவும் பக்கத்து சீட்டுக்காரங்க மூஞ்சச் சுளிக்கிறாங்கன்னு சொன்னேன். நீங்கதாம்மா, 'அவள மேல ஏத்து, இதுக்கெல்லாமா போன்'ன்னு வெச்சிட்டீங்க. முதலாளியம்மாவே அவள்னு சொன்னப்புறம், நானும் 'நீ மேல போம்மா'ன்னுட்டேன்."

டிக்கியில் போட்டாச்சு. அதை யெசெனியா அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அவர்களுக்கு நாறியது மூட்டை இல்லை, அந்தப் பாவாடைதான். எர்மெலிந்தாவுக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓர்னெல்லா அந்த வழியாகப் போனாள், இவளைக் கண்டு ஒதுங்கினாள். எர்மெலிந்தா அவளைப் போகவிட்டாள்.

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சண்டை போடலம்மா. 'சரிங்க, செனோரிதா'ன்னு சொல்லிட்டு மேல ஏறிட்டாங்க."

"பேரு என்ன?"

"பாக்கலம்மா. சீட்டுல இருந்திருக்கும்."

"கண்டுபிடி," என்று எர்மெலிந்தா கத்தினாள். பெட்டிக்காகக் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னிக்கே பழைய சீட்டையெல்லாம் எடுத்துப் பாரு. அவங்க பேரைக் கண்டுபிடி."