எடை அறையில் ஆடிய திரை

மூன்றாவது மானிட்டரும் ஆட ஆரம்பித்தபோது நாஜியாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலை அது. வாசலிலேயே எடை மேடை. லாரி ஏறி நின்றால் எடை உள்ளே கம்ப்யூட்டரில் தெரியும். அதைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பது நாஜியாவின் வேலை. பழவேற்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். கருவாட்டு வியாபாரம் செய்யும் அவர்கள் குடும்பத்தில் ஆலை வேலைக்கு வந்த முதல் ஆள்.

2004 பொங்கல் கழிந்து எடை அறையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அன்று பிடித்தது தலைவலி. திரையில் எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. போதாததற்கு மூலையில் பச்சையாக ஒரு திட்டு.

"இன்னாமா, இது பதிமூணா பதினெட்டா?" என்று லாரி டிரைவர் குப்புராஜ் ஜன்னலில் தலையை நுழைத்துக் கேட்பார். "நீ தப்பா அடிச்சுக் குடுத்தா, உள்ள என்னைத்தான் நிக்க வெச்சுக் கேப்பானுங்க."

சென்னையிலிருந்து சர்வீஸுக்கு வரும் பரத் இரண்டு முறை மானிட்டரை மாற்றினான். அவன் வந்து உட்கார்ந்தபோதெல்லாம் திரை ஆடாமல் அசையாமல் இருந்தது. இரண்டாம் முறை தாளில் எழுதியே கொடுத்துவிட்டான்: மானிட்டரில் குறையில்லை, ஆபரேட்டருக்குக் கையாளத் தெரியவில்லை.

மானேஜர் ராஜமாணிக்கம் அதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். "திங்கட்கிழமைலேர்ந்து பழையபடி கையாலயே சீட்டு எழுதிக்கலாம். முன்ன எழுதிட்டிருந்த யேசுதாஸே பாத்துப்பாரு. உனக்கு வேற எடத்துல ஏதாவது இருக்கான்னு பாக்கறேம்மா."

எதுவும் இருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

அதன் பிறகுதான் நாஜியா ஒரு காகிதத்தில் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தாள். எப்போது ஆடுகிறது, எப்போது நிற்கிறது. புதன்கிழமை காலையிலிருந்து மாலைவரை ஒரு முறைகூட ஆடவில்லை. புதன் ஆலையில் உலை ஓடாத நாள். பரத் வந்த இரண்டு தேதிகளையும் காலண்டரில் தேடினாள். இரண்டுமே புதன்.

எழுந்து கட்டடத்தின் பின்பக்கம் போனாள். அவள் மேசை ஒட்டியிருக்கும் அதே சுவரின் மறுபக்கம், உலைக்குக் கரண்ட் போகும் அறை. தொடைப் பருமனில் கேபிள்கள் வரிசையாகச் சுவரோடு ஓடின. கரண்ட் பாயும் கம்பி காந்தம் போலத்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். மானிட்டர் பக்கம் காந்தத்தைக் கொண்டுபோகாதே, படம் கலைந்துவிடும் என்று கம்ப்யூட்டர் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க இத்தனை நாள் தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை மானேஜர் கடைசியாக ஒருமுறை பரத்தை வரவழைத்தார். உலை ஓடிக்கொண்டிருந்தது. திரை ஆடியதை அவன் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தான்.

"கம்ப்யூட்டர் உள்ள கார்டு போயிருக்கும் சார். கழட்டி எடுத்துனு போறேன்."

"வேணாம்," என்றாள் நாஜியா. "அஞ்சு நிமிஷம் குடுங்க சார். சரியாகலைன்னா திங்கட்கிழமைகூட வேணாம், இன்னிக்கே கெளம்பிடறேன்."

வெளியே பதினோரு லாரி காத்து நின்றது. ராஜமாணிக்கம் கடிகாரத்தைப் பார்த்தார், தலையாட்டினார்.

அவளும் குப்புராஜும் மேசையை அப்படியே இழுத்தார்கள். ஒரு அடி நகர்ந்ததும் நெளிவு குறைந்தது. மூன்றடியில் எழுத்து லேசாக நடுங்கியது. எதிர்ச்சுவரை நெருங்கும்போது மானிட்டர் கேபிள் இழுபட்டுக் கழன்று திரை இருண்டது. பரத் அவசரமாகக் குனிந்து சொருகினான். திரை முழுக்க மஞ்சள்.

"பாத்தீங்களா சார், இருந்ததும் போச்சு," என்றான்.

நாஜியா அவனை நகரச் சொல்லிவிட்டுக் குனிந்தாள். சுவிட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முனையிலிருந்த பின்களில் ஒன்று, நீல நிறத்தைக் கொண்டுவருவது, மடங்கிப் படுத்திருந்தது; நீலம் போனால் வெள்ளை மஞ்சளாகத்தான் தெரியும். முக்காட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை நிமிர்த்தினாள். நேராகச் சொருகித் திருகினாள். போட்டாள்.

நீலம் திரும்பியது. எழுத்து கல்லில் வெட்டியதுபோல் நின்றது. மூலையில் பச்சைத் திட்டு மட்டும் பாக்கி. மானிட்டரின் கீழே பொத்தானை அழுத்தி, பட்டியலில் காந்தம் நீக்கும் இடத்துக்குப் போய்த் தட்டினாள். டொய்ங் என்று ஒரு சத்தம். திரை ஒருமுறை உதறிக்கொண்டது. திட்டு போன இடம் தெரியவில்லை.

சுவருக்கப்பால் உலை உறுமிக்கொண்டிருந்தது. திரை அசையவில்லை.

"நான் வந்த நாளெல்லாம் உலை ஓடலையா?" என்று பரத் மெல்லக் கேட்டான்.

"ரெண்டும் புதன்கெழமை."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு மானேஜரிடம், "அந்தத் தாளைக் குடுங்க சார், வேற எழுதித் தரேன்," என்றான். "குறை எடத்துலதான். கண்டுபிடிச்சது இவங்கதான்னும் எழுதறேன்."

ராஜமாணிக்கம் தாளை எடுத்து நீட்டினார். "நாஜியாம்மா, ஆபீஸ்லயும் ஒரு மானிட்டர் ஆறு மாசமா மஞ்சளா இருக்கு. அதை யார்கிட்டயும் குடுக்கல. நாளைக்கு நீயே வந்து பாரு."

"பாக்கறேன் சார். இப்ப லாரிய அனுப்பணும்."

குப்புராஜ் ஓடிப்போய் வண்டியை மேடையில் ஏற்றினார். பிறகு ஜன்னலுக்கு வரவேயில்லை, வண்டியில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்து, திரையில் தெரிந்த எடையைச் சத்தமாகப் படித்தார். பின்னால் நின்ற பத்து டிரைவர்களுக்கும் அது கேட்டது. நாஜியா நாற்காலியை எதிர்ச்சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீட்டை அடித்தாள்.