வரிக்கு ஒரு என்டர்

மொட்டைக் கடிதம் எழுதியவளையே கூப்பிட்டு, அதை எழுதியது யாரென்று கண்டுபிடிக்கச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? நான் தலையை ஆட்டினேன். "விக்டோரியம்மா, உன்ன விட்டா எனக்கு இந்த ஆஃபீஸ்ல வேற யாரு இருக்கா?" என்று முதலாளி சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. கூடவே கொஞ்சம் சிரிப்பும் வந்தது. அதையும் மென்று விழுங்கினேன்.

எங்கள் கம்பெனி மைசூரில் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்தது. சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் கதவுக் கைப்பிடிக்கும் குரோமியம் முலாம் பூசுகிற வேலை. முன்னால் ஆஃபீஸ், பின்னால் தொட்டிகள் இருக்கும் கொட்டகை. தொட்டியிலிருந்து கிளம்பும் புகையை வெளியே இழுக்கச் சுவரில் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. அது நின்று போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதன் இறக்கையில் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறந்தும் போய்விட்டது.

தொட்டி வேலைக்காரர்களில் மூத்தவர் மல்லப்பன், தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரர். ஒரு திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தவரின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டித் தாளில் விழுந்தது. அவர் பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். "அழுக்காக்கிப்போட்டேனுங்க, மன்னிச்சுக்குங்க" என்றார். தொட்டிப் புகையால் மூக்குக்குள்ளே ஓட்டையே விழுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். ஓட்டை விழுந்த மூக்கை வைத்துக்கொண்டு அந்த மனுஷர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

முதலாளியிடம் மூன்று முறை ஃபேனைப் பற்றிச் சொன்னேன். மூன்று முறையும் "மாடிசோணா, மாடிசோணா" என்றார். கன்னடத்தில் அதற்குச் செய்துவிடலாம் என்று அர்த்தம். அவர் வாயில் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

அதனால்தான் எழுதினேன். தொழிற்சாலைகளை மேற்பார்க்கிற அரசாங்க ஆஃபீஸுக்கு, இங்கிலீஷில், ஒரு பக்கம். ஃபேன் ஓடவில்லை, கையுறை கிடையாது, இன்னாருக்கு இப்படி ஆகியிருக்கிறது என்று விவரமாக. பெயர் போடவில்லை. என் வீட்டுக்காரர் தேவநேசன் வேலை பார்த்த மில் மூடிவிட்டது. மகள் நிம்மி நர்ஸிங் இரண்டாம் வருஷம். வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் நான் ஒருத்திதான். பெயர் போடுகிற தைரியம் எனக்கு இல்லை, அதை ஒளிக்கவும் விரும்பவில்லை.

ஆஃபீஸ் கடிதங்களை எல்லாம் நான் டைப்ரைட்டரில்தான் அடிப்பேன். அந்த டைப்ரைட்டரின் எழுத்தை முதலாளி தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வார். அதனால் கம்ப்யூட்டரில் அடித்தேன். அதில் 'ரைட்' என்று ஒரு புரோகிராம் கூடவே வந்திருந்தது. நானும் டிஸ்பாட்ச் கிளார்க் ரத்தினவேலும் பேக்கிங் லிஸ்ட் அடிக்க அதைத்தான் வைத்திருந்தோம். ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மனுவை அடித்து, பிரிண்ட் எடுத்து, வீட்டுக்குப் போகிற வழியில் தபாலில் போட்டேன். பதில் வராவிட்டால் இன்னோர் இடத்துக்கு அனுப்பலாம் என்று அதைப் பேக்கிங் லிஸ்ட்டுகளுக்கு நடுவே, இருபத்தேழாவது பேக்கிங் லிஸ்ட் என்ற பெயரில் சேமித்தும் வைத்தேன். கம்ப்யூட்டர் எழுத்து ஊரெல்லாம் ஒரே மாதிரிதானே, யார் கண்டுபிடிப்பார்கள் என்று ஒரு நினைப்பு.

பிரிண்டரை மறந்துவிட்டேன். அதில் எழுத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்துகிற ஊசிகளில் ஒன்று உடைந்து போயிருந்தது. அச்சடிக்கிற ஒவ்வொரு வரியின் குறுக்கேயும் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு விழும். மனு போன இடத்திலிருந்தே யாரோ ஒரு புண்ணியவான் அதன் நகலை முதலாளிக்குக் கொண்டுவந்து கொடுத்தான். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே அவருக்கு இது எங்கே பிறந்தது என்று தெரிந்துவிட்டது.

அவருடைய சந்தேகம் ரத்தினவேல் மேல்தான். மல்லப்பன் அவனுடைய அக்கா பூவாத்தாளின் புருஷன். ரத்தினவேல் ஹனூர்ப் பக்கத்துப் பையன், நாலு வருஷமாக என் பக்கத்து மேசை. ஆனால் ஆதாரம் இல்லாமல் அவனைத் தொட்டால் கொட்டகையில் பாதிப் பேர் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எல்லாரும் அவன் ஊர்க்காரர்கள். அதனால் முதலாளி ஆதாரம் தேடினார், என்னையும் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் அறையிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டரைத் தொடத் தெரியாது, ஆனால் அதை விட்டு நகரவும் மாட்டார். என்னால் அந்த ஃபைலை அழிக்க முடியவில்லை. மூன்று நாள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை லாய்ட் வந்தான். எங்கள் சர்ச் கொயரில் பாடுகிற பிள்ளை, டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் இஞ்சினியர். விண்டோஸ் தொண்ணூற்றைந்து போடச் சொல்லி முதலாளி போன மாதமே ஏற்பாடு செய்திருந்தார். ஊரில் எல்லாரும் போட்டுவிட்டார்களாம், நம்மிடம் மட்டும் இல்லையாம்.

காலையில் ஆரம்பித்த வேலை பதினொரு மணிக்கு முடிந்தது. லாய்ட் என் பக்கம் திரும்பினான். "ஆன்ட்டி, நீங்க யூஸ் பண்றீங்களே ரைட், அது இதுல இல்ல. தூக்கிட்டாங்க."

"தூக்கிட்டாங்கன்னா?"

"இனிமே அது வராது. போச்சு."

அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ரைட் போனால் ரைட்டில் அடித்ததெல்லாம் கூடவே போய்விடும் என்றுதான் நினைத்தேன். பீரோவையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் உள்ளே இருக்கிற துணி மட்டும் எங்கே இருக்கும்? மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன். லாய்டுக்குக் காபி வாங்கிவர ஆளையும் அனுப்பினேன்.

முதலாளிதான் கேட்டார். "ஏம்பா, அப்ப நம்ம பேக்கிங் லிஸ்ட்டெல்லாம் என்னாகும்?"

"அது எங்கயும் போகாது சார். ரைட்டுக்குப் பதிலா வேர்ட்பேட்னு ஒன்னு குடுத்திருக்காங்க. பழைய ஃபைல் எல்லாம் அதுல தெறக்கும்."

"தெறந்து காட்டு."

அவன் ஒன்றைத் திறந்தான். போன வருஷத்துப் பேக்கிங் லிஸ்ட், அப்படியே இருந்தது. முதலாளிக்கு ஆச்சரியம். "அடுத்தது தெற" என்றார். குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நான் சொல்லிப் பார்த்தேன்: "சார், லாரி வந்து நிக்குது. இத நான் அப்புறம் உக்காந்து செக் பண்றேன்." அவர் திரும்பாமலே, "லாரி நிக்கட்டும் கணம்மா. உக்காரு" என்று கன்னடம் கலந்து சொன்னார். உட்கார்ந்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. லாய்ட் நல்ல பிள்ளை, ஒன்றையும் விடவில்லை. இருபதைத் தாண்டியபோது எழுந்து மின்சாரத்தை அணைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஸ்விட்ச் முதலாளியின் தலைக்கு மேல் இருந்தது.

இருபத்தேழு திறந்தது.

லாய்ட் முதல் வரியைப் படித்துவிட்டு நிறுத்தினான். முதலாளி படித்தார், நிதானமாக, உதடு அசைய. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இது ஏன் இப்படிப் பிஞ்சு பிஞ்சு இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒரு முழு வரி, அதற்குக் கீழே ஒற்றை வார்த்தை, மறுபடி முழு வரி, மறுபடி ஒற்றை வார்த்தை. பக்கம் முழுக்க அப்படித்தான் இருந்தது.

"இதுல மார்ஜின் வேற சார்," என்றான் லாய்ட். "சாதாரணமா வரி முடிஞ்சா கம்ப்யூட்டரே அடுத்த வரிக்குப் போயிடும். இத அடிச்சவங்க ஒவ்வொரு வரி முடிவுலயும் என்டர் தட்டியிருக்காங்க. டைப்ரைட்டர்ல பழகினவங்க அப்படித்தான் பண்ணுவாங்க. ரைட்ல வெளிய தெரிஞ்சிருக்காது. இதுல காட்டிக்குடுத்திடுச்சு."

அவனுக்கு என்ன தெரியும், பாவம். நான் என் வலது சுண்டுவிரலைப் பார்த்தேன். டைப்ரைட்டரில் வரி முடியப்போகும்போது மணி அடிக்கும், அடித்ததும் உருளையைத் தள்ளவேண்டும். கம்ப்யூட்டரில் மணி இல்லை, ஆனால் எனக்குள் அடிக்கும். விரல் தானாக என்டருக்குப் போகும். பேக்கிங் லிஸ்ட் எல்லாம் குட்டிக் குட்டி வரி என்பதால் அவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. நீளமாக நான் அதில் அடித்தது இந்த மனு ஒன்றைத்தான்.

நிமிர்ந்தபோது வாசலில் டிஸ்பாட்ச் சீட்டோடு ரத்தினவேல் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. முதலாளி அப்போதுதான் அவனைப் பார்த்தார்.

"வா, வா. உக்காரு. இத அடி" என்று அன்றைய இங்கிலீஷ் பேப்பரை நீட்டினார். கபினி அணையில் தண்ணீர் எவ்வளவு என்று ஒரு செய்தி. எதற்கென்று சொல்லவில்லை. என்னிடம், "அப்புறம் நீயும் அடிச்சிடும்மா. உன்ன சந்தேகப்பட்டு இல்ல. நாளைக்கு இவன் பேச எடம் இருக்கக்கூடாது, அல்லவா?" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

ரத்தினவேல் அடிக்கத் தொடங்கினான். நான் அவனுக்குப் பின்னால் இருந்தேன். முதல் வரி முடிகிற இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. என்டர். இரண்டாவது வரி முடிவில் மறுபடி. ரத்தினவேல் டைப்ரைட்டரை வாழ்க்கையில் தொட்டதே இல்லை. கொள்ளேகாலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவன். நாலு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், ஒரு நாளும் வரி முடிவில் என்டர் தட்டியதில்லை. இப்போது எந்த வரியையும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான்.

"சார், இவனுக்கு டைப்ரைட்டிங்கே தெரியாது." இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் இங்கே டைப்ரைட்டர் தெரிந்த ஆள் யார் என்பதுதான். தேவநேசன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நிம்மியின் வெள்ளை யூனிஃபார்ம் தெரிந்தது.

என் முறை வந்தது. அதே செய்தி, அதே எட்டு வரி. ஒவ்வொரு வரி முடிவிலும் எனக்குள் மணி அடித்தது. ஒவ்வொரு முறையும் சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்தேன். எட்டு வரி முடிவதற்குள் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. லாய்ட் மார்ஜினைக் குறுக்கிக் காட்டினான். என் வரிகள் ஒழுங்காக மடங்கிக்கொண்டன. ரத்தினவேலுடையவை பிய்ந்து பிய்ந்து நின்றன.

"எனக்கு மொதல்லயே தெரியும்" என்றார் முதலாளி.

அவனை வேலையை விட்டு நீக்குகிற உத்தரவை டைப்ரைட்டரில் நான்தான் அடித்தேன். மூன்று பத்தி. ஆஃபீஸ் கம்ப்யூட்டரைத் தவறாகப் பயன்படுத்தியது, நிர்வாகத்தின் பெயரைக் கெடுத்தது என்று அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ரத்தினவேல் படித்துப் பார்க்காமலே நகலில் கையெழுத்துப் போட்டான்.

சைக்கிள் ஸ்டாண்டுக்கு அவன் பின்னாலேயே ஓடினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. "ஏன்டா இப்படிப் பண்ணே?" என்றேன்.

அவன் பூட்டைத் திறந்துகொண்டே பேசினான். "அன்னிக்கு மத்தியானம் நீங்க சோத்துப் போசியத் தொறக்காம அடிச்சிட்டிருந்ததப் பாத்தேனுங்க அக்கா. மாமனுக்காவ நான் எழுதியிருக்கோணும். எனக்கு அவ்வளவு இங்கிலீசு வராதுங்க."

"நான் உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லி? எப்படியும் என்னைய அனுப்பத்தான் போறாங்க. கூட நீங்களும் போயிட்டா அப்புறம் உள்ள ஆருங்க இருக்காங்க?" சைக்கிளை வெளியே இழுத்தான். "எனக்கு ஊர்ல டிராக்டர் ஓட்டற வேலையாவது கெடைக்குமுங்க. நீங்க இருக்கோணும். ஃபேனு இன்னும் ஓடல. பெரிய ஆஃபீசுக்கு இன்னொருக்கா எழுதோணும் அக்கா. எழுதுவீங்கல்ல?"

எழுதுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் கேட்டைத் தாண்டிப் போகிற வரை நின்றேன். அவன் செய்ததை வாங்கி வைத்துக்கொண்டதற்கு இதையாவது செய்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டுதான் திரும்பி வந்தேன்.

முதலாளி கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றிருந்தார். கதவில் புதுத் தாழ்ப்பாள், புதுப் பூட்டு. லாய்டை அனுப்பிக் கடையிலிருந்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். அவனே அதைப் பொருத்தியும் கொடுத்திருக்கிறான்.

"இந்த ரூமுக்கு இனிமே ஒரே சாவிதான் கணம்மா," என்றார். "நான்கூட வெச்சுக்கப்போறதில்ல. உன்னத் தவிர யாரும் உள்ள போகக்கூடாது, யாரும் அதத் தொடக்கூடாது. இனி அதுல ஏதாவது ஒரு காகிதம் வந்தா, அது நீ அடிச்சதுதான். அப்படி ஒரு நம்பிக்கை எனக்கு."

பின்னால் கொட்டகையில் யாரோ இருமினார்கள். அவர் சாவியை நீட்டிக்கொண்டே நின்றார். நான் வாங்கிக்கொண்டேன்.