லைன்மேனின் பத்தொன்பது நகல்கள்

லைன்மேன் இறந்து பதினோரு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குத் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பதிவு அலுவலகத்தில் அவருடைய இறப்புச் சான்றிதழின் முதல் நகலில் முத்திரை விழுந்ததும் அதே பதினொன்றேகாலுக்குத்தான். நகலைக் கைப்பைக்குள் மடிக்காமல் வைத்துக்கொண்டு அவர் மனைவி பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்பியபோது, அவர் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, படிக்காமல் சேர்ந்துபோயிருந்த பதினோரு நாள் செய்தித்தாள்களைத் தேதி வரிசைப்படி படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். பிறகு அடுக்களைக்குள் போய், ஒரு ஆளுக்கு வைத்திருந்த சமையலை இரண்டு ஆளுக்கு ஆக்கினாள். பதினோரு நாள் அழுது ஓய்ந்த கண்ணுக்கு, இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, கொஞ்ச நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில் நகல் எழுதிக் கொடுக்கும் எழுத்தருக்கு ஒரு பழக்கம் உண்டு. தேதி முத்திரையின் சக்கரத்தைக் காலையில் வந்து திருப்புவதற்குச் சோம்பல்பட்டு, முந்தின நாள் சாயங்காலமே மறுநாளுக்குத் திருப்பி வைத்துவிடுவார். யார் எதைக் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்று சொல்லும் வாய் அவருக்கு. இரண்டும் சேர்ந்து நாளைக்காரர் என்ற பெயரை வாங்கிக் கொடுத்திருந்தன. லைன்மேன் இறந்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு. அவர் இறந்ததாக ஆஸ்பத்திரி எழுதிய சீட்டு பதிவு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது அன்று மூடுவதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது. நாளைக்காரர் ஒரு கையால் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டே மறு கையால் பதிவேட்டை நிரப்பினார். சீட்டைப் பார்த்து எழுத வேண்டிய தேதியை முத்திரையைப் பார்த்து எழுதினார். ஆக, பதிவேட்டின்படி லைன்மேன் செவ்வாய்க்கிழமைதான் இறந்தார். அரசாங்கம் ஒரு நாளை அவர் கணக்கில் கூடுதலாக எழுதிவிட்டது. எழுதினது எழுதினதுதான். அந்த ஒரு நாளை வாழ்ந்து தீர்க்க அவர் வந்தாக வேண்டியிருந்தது.

ஒரு நாளோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் சான்றிட்ட நகல் ஒவ்வொன்றும் மூலத்துக்குச் சமம் என்று சட்டத்தில் இருக்கிறது. எனவே ஒவ்வொரு நகலுக்கும் ஒரு நாள். முத்திரை விழுந்த நிமிஷத்தில் வருவார், மறுநாள் காலை பத்தரை வரை இருப்பார். வங்கிக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று, சேமநிதிக்கு ஒன்று, மின்வாரியத்துக்கு ஒன்று, வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கு ஒன்று, ஓய்வூதிய அலுவலகத்துக்கு ஒன்று என்று முதல் இரண்டு மாதத்தில் ஆறு நகல் வாங்கினாள். அந்த ஆறு நாளையும் இருவரும் வீணாக்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் மத்தியானம் தூங்கினார். அவள் துணி துவைத்தாள். செத்துத் திரும்பின மனுஷனிடம் என்ன பேசுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, உயிரோடிருக்கும் பெண்டாட்டியிடம் என்ன சொல்வது என்று அவருக்கும் விளங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் வாய் ஓயாமல் சண்டை போட்டவர்கள் விருந்தாளிகளைப் போல ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தார்கள். போதாக்குறைக்குத் தெரு வேறு சும்மா இருக்கவில்லை. லைன்மேன் வந்திருக்கிறாராம் என்று காதில் விழுந்ததும் ஓடாத மிக்சியையும் சூடேறாத இஸ்திரிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு வாத்தியார் தன் வீட்டு ஃபியூஸை இரண்டு முறை போட்டுக்கொண்டார். அவருடைய இடத்துக்கு வந்திருந்த புது லைன்மேன், எந்தக் கம்பத்தில் எந்த லைன் திரும்புகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டு போனான்.

அவள் பதிவு அலுவலகத்துக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். இருபது வருஷமாக ஊராரின் பிறப்பும் இறப்பும் படிப்பும் பத்திரமும் அவள் இயந்திரத்தின் கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் பட்டு வெளியே வந்திருக்கின்றன. நகலைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏழாவது நகலுக்கு விண்ணப்பிக்க மனசு கூசியபோது, இருக்கிற நகலைத் தானே ஒரு பிரதி எடுத்துப் பார்த்தாள். சான்று இல்லாத பிரதிக்கு அவர் வரவில்லை. அவருடைய இருமல் மட்டும் வந்து, பின்கட்டில் மறுநாள் வரை இருமிவிட்டுப் போனது. அடுத்த முறை, நகல் கசங்கக் கூடாது என்று அதை வாங்கின கையோடு லேமினேட் செய்தாள். அவர் வந்தார், வந்ததிலிருந்து புழுக்கமா இருக்கு புழுக்கமா இருக்கு என்று பனியனைப் பிழிந்துகொண்டே இருந்தார். கத்திரிக்கோலால் பிளாஸ்டிக்கை ஓரம் வெட்டிப் பிரித்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீரானது. அன்றைக்குத்தான் இருவரும் முதல் தடவையாகச் சிரித்தார்கள். சிரித்ததும் பேச்சு வந்தது, பேச்சு வந்ததும் சண்டையும் வந்தது, மறுநாள் காலை அவள் கடைக்குக் கிளம்பும்போது இருவரும் புருஷன் பெண்டாட்டியாக ஆகிவிட்டிருந்தார்கள்.

இதற்கிடையில் ஓய்வூதிய அலுவலகம் அவளுடைய கோப்பை நிறுத்தி வைத்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் திங்கள், சான்றிதழில் செவ்வாய், தேதியைத் திருத்திக்கொண்டு வந்தால் மறு மாதமே ஓய்வூதியம் என்று கடிதம் போட்டது. திருத்தினால் கூடுதல் நாள் போய்விடும் என்பது அவளுக்குச் சொல்லாமலே விளங்கியது. கடிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தாள். வெளியூரில் வேலை பார்த்த மகள் போனில், "ஏம்மா இப்படி இழுத்தடிக்கிற, ஒரு தேதியைத் திருத்த உனக்கு என்ன கஷ்டம்?" என்று பிடுங்கியெடுத்தாள். பத்தாவது நகலுக்கு மகளை வரவழைத்தாள். அப்பாவும் மகளும் விட்ட இடத்திலிருந்து, மகள் கட்டிக்கொள்ள இருந்த பையனைப் பற்றி, மூன்று மணி நேரம் வாக்குவாதம் செய்தார்கள். "செத்தும் உங்களுக்குப் பிடிவாதம் போகலைப்பா" என்று மகள் கத்தினாள். பிறகு அவர் தோளில் சாய்ந்துகொண்டு விம்மி விம்மி அழுதாள். ஊருக்குத் திரும்பிப் போனவள் அதன் பிறகு தேதியைப் பற்றியோ ஓய்வூதியத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. மாதாமாதம் அம்மாவுக்குச் செலவுக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தாள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. தேவையான நகலெல்லாம் வாங்கியாகிவிட்டதால், விண்ணப்பத்தில் வாய்க்கு வந்த அலுவலகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தாள். நூலகத்துக்கு ஒன்று, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு ஒன்று என்றுகூட எழுதினாள். நாளைக்காரர் படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பார்த்தால் மட்டும் அவர் நாளைக்கு வாங்க என்று சொல்வதில்லை. அலுவலகம் திறந்த கையோடு, மை ஒத்தும் திண்டை ஈரப்படுத்தி, பத்து மணி அடிக்கும்போதே முத்திரையை வைத்துவிடுவார். அதனால் லைன்மேனுக்கு ஒரு மணி நேரம் அதிகம் கிடைத்தது. அவளும் கண்டபடி செலவழிக்காமல், மனசு தாங்காத அன்றைக்கு மட்டும் போய் வரிசையில் நின்றாள்.

மறுநாள் காலை அவர் போவதை மட்டும் அவள் பார்த்ததில்லை. கடையைப் பத்து மணிக்குத் திறக்க வேண்டும். ஒன்பதரைக்கே அவர், "நேரமாச்சு, கிளம்பு, வாடிக்கைக்காரங்க காத்திருப்பாங்க" என்று விரட்டத் தொடங்கிவிடுவார். ஒரு தடவை, எப்படிப் போவீங்க என்று கேட்டாள். "பஸ் ஏறுற மாதிரிதான். உட்கார்ந்தா கிளம்பிடும்" என்றார். அவள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது வேட்டியும் பனியனும் அடுக்களைத் தரையில் கிடக்கும், குளியல்துண்டு பக்கத்தில் கிடக்கும். துண்டில் வரிசையாகப் பொத்தல் விழுந்திருந்ததைப் பார்த்து எலி கடிக்கிறது என்று நினைத்தாள். எலிப்பொறிகூட வாங்கி வைத்தாள். அதில் ஒரு எலியும் விழவில்லை.

பத்தொன்பதாவது நகலுக்கு மறுநாள், பத்து அடித்துப் பத்து நிமிஷத்துக்கெல்லாம் கடைவீதி முழுக்க மின்சாரம் போனது. இயந்திரம் பாதித் தாளைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. சாயங்காலம்தான் வருமாம் என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். பத்தரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஓட்டமும் நடையுமாகப் போனால் ஒரு பத்து நிமிஷமாவது அவரோடு இருக்கலாம், வழியனுப்பிவிட்டு வரலாம் என்று ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடினாள்.

கதவு சாத்தியிருந்தது. அடுக்களைத் தரையில், மேடைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில், அவர் சுருண்டு கிடந்தார். ஒரு கை நெஞ்சைப் பிசைந்துகொண்டிருந்தது. வாயில் துண்டைத் திணித்து, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காதபடி பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்க வேர்வை. கண் மட்டும் அவளைப் பார்த்ததும், தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளையின் கண்ணைப் போல விலகியது. அவள் துண்டை இழுத்தெடுத்தாள். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ எதுக்கு இப்பவே வந்தே?" என்றார்.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?"

அவர் துண்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ நகல் வாங்கியிருக்க மாட்டே" என்றார்.

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அவள் ஒரு கையால் அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள், மறு கையை அவர் பிடித்துக்கொண்டார், எலும்பு நொறுங்கும்படி பிடித்துக்கொண்டார். உண்மையாகவே இறந்த அந்தத் திங்கட்கிழமை அவள் கடையில் யாருக்கோ குடும்ப அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். வாத்தியார்தான் சத்தம் கேட்டு ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர். அந்தக் குற்றம் இரண்டு வருஷமாக அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது பக்கத்தில் இருந்தாள், இருந்தும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பத்தரைக்கு அவர் பிடி தளர்ந்தது. மடியில் இருந்த பாரம் போய், வெறும் வேட்டியும் பனியனும் மிஞ்சின. தனக்கு ஒரு நாள் வேண்டும் என்று தோன்றியபோதெல்லாம் இந்த மனுஷனைச் சாகக் கூப்பிட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்குத்தான், அவர் இறந்ததற்காக அவள் முழுசாக அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து கடிதத்தையும் பீரோவிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டின் பிரதியையும் எடுத்துக்கொண்டு நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். நேற்று வந்தவள் இன்றும் வருகிறாளே என்று வியந்தாலும், நாளைக்காரர் மைத் திண்டைத் திறந்து முன்னால் நகர்த்தி வைத்தார்.

"நகல் வேண்டாம் சார். தேதியைத் திருத்தணும்."

அவர் பேனாவை மூடினார். ஜன்னல் கம்பிக்கு அருகே குனிந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி பேசினார். "திருத்திட்டா அப்புறம் அவர் வர மாட்டார்மா. தெரியும்ல?"

"தெரியும்."

"என் தப்புதான். முப்பது வருஷ சர்வீஸ்ல எத்தனையோ தப்பு பண்ணியிருக்கேன். இது ஒண்ணுதான் யாருக்காவது உபயோகமா இருந்துச்சுன்னு நினைச்சேன்."

"எனக்குத்தான் சார் உபயோகம். அவருக்கு இல்ல" என்றாள்.

திருத்த விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். அதில் திருத்தத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் எழுத்தரின் கவனக்குறைவு என்று எழுதினால் அவருக்கு மெமோ வரும், சம்பள உயர்வு நிற்கும். அது தெரிந்தே அவர் அப்படி எழுதப் போனார். அவள் கம்பிக்கு இடையே கையை நீட்டி அந்தத் தாளின் மேல் வைத்தாள். "காரணம் அது இல்ல சார். அவருக்கு வலிக்குது. அதை எழுதுங்க."

நாளைக்காரர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தன் நல்ல கையெழுத்தில், இறந்தவருக்கு வலிக்கிறது என்று எழுதி, பதிவேட்டோடு சேர்த்து உள்ளே எடுத்துப் போனார். மேலதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு இணைக்கப்பட்டிருந்தது, கட்டணம் கட்டப்பட்டிருந்தது, கட்டம் எதுவும் காலியாக இல்லை. இறந்தவரின் வலி காரணமாகாது என்று விதிப் புத்தகத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. செவ்வாயைச் சிவப்பு மையால் அடித்து, திங்கள் என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

திருத்திய சான்றிதழின் நகல் ஒன்றே ஒன்றை அவள் கேட்டு வாங்கினாள். முத்திரை விழுந்தது. வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று பக்கத்து வீட்டு வாத்தியார் பிற்பாடு சொன்னார். ஓய்வூதிய அலுவலகம் அந்த நகலை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அதன்படி லைன்மேன் அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இறந்தார், ஒரே ஒரு தடவை.