மிதுனா குடியிருக்காத வீடு

உயர்தரப் பரீட்சையில் மிதுனாவுக்கு மூன்று பாடத்திலும் ஏ. அதற்குக் கீழே, மாவட்ட நிலை என்று ஓர் இலக்கம்: நான்கு. அந்த நான்கைப் பார்த்துத்தான் தகப்பன் தயாபரன் அழுதார். அதே நான்கைப் பார்த்துத்தான் மகளின் முகம் வெளிறியது. இரண்டையும் கண்டவள் தாய் நேசமலர். மகளுக்குப் பசிமயக்கமாக்கும் என்று அவள் தேத்தண்ணி போடப் போனாள்.

பல்கலைக்கழக இடங்களை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வெட்டுப்புள்ளி வைத்துத்தான் கொடுப்பார்கள். கொழும்பு மாவட்டத்தில் அந்தப் புள்ளிக்கு மருத்துவ பீடம் கிடைக்காது. முல்லைத்தீவுக் கணக்கில் நிச்சயம் கிடைக்கும். மூன்று வருடத்துக்கு முந்தியே இது தயாபரனுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் கண்ணாடிக் கடையொன்றில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற மனிதர் அவர். பிள்ளையை எங்கே படித்தவளாகக் காட்டினால் எத்தனை புள்ளி போதும் என்று, யாரும் கேட்காமலே கணக்குப் பார்த்து வைத்திருந்தார். முல்லைத்தீவில், முள்ளியவளைப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவருடைய சித்தி மகன் கிளாக்கராக இருந்தான். மிதுனாவின் பெயர் அங்கே மாணவர் பதிவு இடாப்பில் ஏறியது. சித்தி மகனின் வீடு அவளுடைய வீடென்று பதிவானது. பிள்ளையோ வெள்ளவத்தை மாடிவீட்டிலிருந்து ரியூசனுக்குப் போய்வந்தாள். மூன்று வருடத்தில் அவள் முல்லைத்தீவுக்குப் போனது செய்முறை வகுப்புக்கும் பரீட்சைக்குமாகப் பதினொரு தடவை.

நேசமலருக்கு அப்போது அது பெரிய பிழையாகப் படவில்லை. நாலு பேர் செய்கிறதுதானே என்று இருந்துவிட்டாள். அவளுக்கு வேறு வேலை இருந்தது. விடிய ஐந்து மணிக்கு ரியூசன் கொட்டகைக்குப் போய், முதல் வரிசை வாங்கில் கைலேஞ்சியை விரித்து, மகள் வருமட்டும் அந்த இடத்தைக் காவல் காத்தாள். மூன்று வருடமும் மிதுனா இரண்டாவது வாங்கில் இருந்ததேயில்லை. தயாபரன் லென்ஸ் பெட்டிகளின் மட்டையைக் கிழித்து, பின்பக்கத்தில் சிறுநீரகமும் இருதயமும் கீறிப் பழகினார். மகளிடம் கேள்வி கேட்கத் தனக்கும் தெரிந்திருக்க வேண்டாமா என்பது அவர் நியாயம். கண்ணைப் பற்றிய பாடம் வந்தபோது மட்டும் அவரே வாத்தியாராகிவிட்டார். மிதுனா சிரித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

விண்ணப்பம் போடுகிற நாள் வந்தது. பிழை வரக்கூடாதென்று படிவத்தை ஒன்பது போட்டோகொப்பி எடுத்து, ஒன்பதையும் நிரப்பிப் பார்த்த பிறகுதான் தயாபரன் கணினியைத் திறந்தார். எந்தப் பீடம் முதலாவது, எது இரண்டாவது என்று மனைவியோடு மூன்று நாள் வாதாடினார். மிதுனாவைக் கேட்டபோது எதையென்றாலும் போடுங்கோ என்றாள். கடைசியில், மூன்று பேரும் சேர்ந்து அனுப்பியதாக இருக்கட்டுமென்று, மகளின் விரலுக்கு மேல் தன் விரலையும் அதற்கு மேல் நேசமலரின் விரலையும் வைத்து அழுத்தினார். அடியில் கிடந்த பிள்ளையின் விரல் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்ததை நேசமலர் உணர்ந்தாள்.

விண்ணப்பம் போய் ஐந்தாவது கிழமையில், பல்கலைக்கழக அனுமதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாடசாலை, வதிவிடம் பற்றிய விபரங்களைச் சரிபார்க்க வேண்டியிருப்பதால், விண்ணப்பதாரி பெற்றோருடன் கொழும்பு ஏழில் உள்ள அலுவலகத்துக்கு வரவேண்டும். இன்னும் பதினாறு நாள் இருந்தது.

யாரோ பெயர் போடாமல் மொட்டைப் பெட்டிசம் எழுதிப் போட்டுவிட்டார்கள் என்றார் தயாபரன். அவர் கோபப்படவில்லை, பயப்படவும் இல்லை. அந்த அமைதிதான் நேசமலருக்குப் பயமாக இருந்தது. அடுத்த நாள் வேலையால் வரும்போது பெரிய வரைதாள் ஒன்றோடு வந்தார். சித்தி மகனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுக் கேட்டு, அந்த வீட்டையும் ஒழுங்கையையும் பள்ளிக்கூடம் போகிற பாதையையும் அதில் கீறினார். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர், சந்திக் கடை, மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடம், எல்லாவற்றையும் குறித்தார். பின்னேரம் ஆறு மணிக்கு மகளை முன்னால் இருத்திப் பாடம் தொடங்கினார்.

"முன் வேலி?"

"தகரம்."

"கிணறு?"

"பின்னுக்கு. கட்டுக் கிணறு. சித்தியின்ர குசினி யன்னலால பாத்தால் தெரியும்."

"நல்ல பிள்ளை."

நேசமலரும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்து டை புதுசாகவே கிடந்தது. அதை அவள் ஏழு தரம் தோய்த்து, உச்சி வெயிலில் காயப்போட்டு, மூன்று வருடம் கட்டியது போல நிறம் மங்கச் செய்தாள். ரியூசன் கொப்பிகளின் முதல் தாளைக் கிழித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதினாள். ஏழாம் தரம் டையைப் பிழியும்போது, இது என்ன வேலை என்று ஒரு கணம் கை நின்றது. பிறகு பிழிந்து போட்டாள்.

ஒரு கிழமையில் மிதுனாவுக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. தகப்பன் கேட்டு முடிக்க முன்னமே பதில் வந்தது. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சில நாட்களில், அவர் சொல்லிக்கொடுக்காததையும் சேர்த்துச் சொன்னாள். வகுப்பில் ஒருத்தி பதினொரு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வருவாள், செயின் கழன்றால் கரிக்கையோடுதான் ஆய்வுகூடத்துக்குள் வருவாள் என்றாள். தயாபரனுக்குச் சந்தோஷம். அதையும் சொல்லு, நம்புவினம் என்றார்.

அவர் குளிக்கப் போன நேரம் நேசமலர் மகளுக்குப் பக்கத்தில் இருந்து, அந்தப் பிள்ளை யாரென்று கேட்டாள்.

சிவானி என்றாள் மிதுனா. செய்முறை வகுப்பில் தன்னோடு ஒரே மேசையில் நின்றவள். மாவட்டத்தில் அவளுக்கு இந்தமுறை எத்தனையாவது இடமென்று விசாரித்தேன், என் பெயர் இல்லாவிட்டால் அந்த மருத்துவ பீட இடம் அவளுக்குக் கிடைக்கும் என்றாள்.

 கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நேசமலர் கேட்டாள்.

"பெட்டிசம் நீயே எழுதினனீ?"

"இல்லையம்மா. எழுதியிருக்கலாம் எண்டு நினைச்சனான்."

அதைத் தயாபரனுக்கு அவள் சொல்லவில்லை. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவருக்கு மறைத்த முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

விசாரணை நாளன்று மூவரும் ஓட்டோவில் போனார்கள். வழி முழுக்கத் தயாபரன் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார். சாரதி சிங்களவர், தமிழ் விளங்காது. ஆனாலும் கண்ணாடியில் இரண்டு மூன்று தரம் பின்னால் பார்த்தார்.

அறையில் இருந்த அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பெண். கடுமையாக எதுவும் கேட்கவில்லை. மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து, தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்தார். பிறகு, வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவீர்கள் என்று மிதுனாவைக் கேட்டார். மிதுனா சொல்லத் தொடங்கினாள். தகர வேலி, ஒழுங்கை, சந்திக் கடை. அதிகாரியின் பார்வை பிள்ளையில் இருக்கவில்லை. அது தயாபரனின் வாயில் இருந்தது. மகள் சொல்லச் சொல்ல, அவருடைய உதடுகளும் ஓசையில்லாமல் அதே சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தன.

"ஐயா, நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ," என்றார் அதிகாரி.

தயாபரன் எழும்பினார். கதவடியில் நின்று நேசமலரைத் திரும்பிப் பார்த்தார். பயப்படாதே, எல்லாம் சரிவரும் என்கிற பார்வை. கதவு சாத்தப்பட்டது.

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார்.

"அம்மா, நான் பிள்ளையக் கேக்கேல்ல. உங்களைத்தான் கேக்கிறன். இந்த மூண்டு வருஷமும் பிள்ளை இரவில எங்க படுத்தவ?"

இதற்கும் பதில் இருந்தது. சித்தப்பா வீட்டில்தான், மாதத்துக்கு ஒருக்கால் நான் போய்ப் பார்த்தனான் என்று தயாபரன் அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தபோது, போன வருடம் பிள்ளைக்கு டெங்கு வந்தது நினைவில் ஏறியது. நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டது, வாந்தியெடுத்த சட்டியை ஏந்தி நின்றது, காய்ச்சல் விட்ட விடியலில் பிள்ளை பசிக்குதெண்டு சொன்னது. அந்த இரவுகளைத் தூக்கி, தான் ஒருநாளும் படுத்தறியாத ஒரு வீட்டுக்குக் கொடுக்க அவளால் முடியவில்லை.

"என்ர பக்கத்தில," என்றாள். "வெள்ளவத்தையில. என்ர பக்கத்திலதான் படுத்தவள்."

மிதுனா மேசையில் தலையைக் கவிழ்த்தாள். அழுகிறாளா, ஆறுதலாக மூச்சு விடுகிறாளா என்று நேசமலருக்குத் தெரியவில்லை. அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்.

வெளியே தயாபரன் என்ன கேட்டவை என்று ஓடி வந்தார். நேசமலர் நடந்ததைச் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. கையில் இருந்த கோப்பைத் திறந்து, தாள்களின் விளிம்பை ஒழுங்காகத் தட்டி அடுக்கி, மறுபடி மூடினார். ஓட்டோ பிடிக்க மறந்து, அலுவலக வாசலிலிருந்து நெடுந்தூரம் மூவரும் நடந்தார்கள்.

ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சித்தி மகனை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். அவனுடைய மனைவி தொலைபேசியில் நேசமலருக்குச் சொன்ன சொற்களை அவள் யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. சிவானிக்கு இடம் கிடைத்த செய்தி மிதுனாவுக்கு வந்தது. அன்றுதான் பிள்ளை இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். பிறகு, பம்பலப்பிட்டியில் ஆய்வுகூடத் தொழினுட்பம் படிப்பிக்கிற இடமொன்றில் தானாகவே போய்ச் சேர்ந்தாள். காலையில் ரயிலேறிப் போனாள். வரும்போது நண்பிகளைப் பற்றிக் கதைத்தாள்.

தயாபரனும் வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். கேட்டால் பதில் சொன்னார். ஆனால் பின்னேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ எழுதினார். மனிதர் மனதை ஆற்றட்டும் என்று நேசமலர் விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிதுனா நண்பியின் வீட்டுக்குப் போயிருந்த நேரம், தேத்தண்ணியோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மேசை நிறையத் தாள்கள். வேறொரு நாட்டு மருத்துவக் கல்லூரியின் படிவம். நீர் ஏன் வைத்தியராக விரும்புகிறீர் என்ற கேள்விக்குக் கீழே, நான் சிறு வயது தொடக்கம் என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு கொப்பி. அதில் மேலிருந்து கீழ்வரை மிதுனாவின் கையெழுத்து, நூறு இருநூறு தரம். முதல் பக்கங்களில் கோணலாய் இருந்தது, கடைசிப் பக்கத்தில் பிள்ளையே போட்டது போலிருந்தது.

"பிள்ளைக்குச் சொல்லிட்டியளே?"

"அவளுக்கு இப்ப ஏன் தலையிடி? எல்லாம் சரிவந்த பிறகு சொல்லுவம்." அவர் அன்பாகச் சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "நேசம், அவளின்ர பிறப்புச் சான்றிதழ் வேணும். எங்க வைச்சனீர்?"

அலுமாரியில், கூறைச் சேலைக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. நேசமலருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுக்கத் தெரியும்.

"தெரியேல்லயப்பா," என்றாள். "எங்கயோ தவறிப்போச்சுது."

தயாபரன் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். சரி, நீர் கரைச்சல்படாதையும், நான் பாக்கிறன் என்று சொல்லிக்கொண்டு எழும்பினார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு அலுமாரியைத் திறந்தார். மேல் தட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு உடுப்பாக, மடிப்புக் கலையாமல், எடுத்துக் கட்டிலில் வைத்தார்.