நாற்பது விடியற்காலைகள்

கோலாலம்பூர் விமானம் கிளம்ப இன்னும் சரியாக நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மணி நேரம் இருந்தது. தாக் போதகர் அந்த எண்ணை வெள்ளைப் பலகையின் மூலையில் சிவப்பு மையால் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். ஞாயிறு ஆராதனையும் சாப்பாடும் முடிந்து, கொரியாவின் குன்சான் நகரச் சபையின் அடித்தள அறையில் ஊழியக் குழுவினர் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். ஏழாவது பயிற்சி. அறைக்கு ஜன்னல் கிடையாது. பலூன்களும் முகத்தில் பூசும் வண்ணங்களும் வயதானவர்களுக்குக் கொடுக்க வாசிப்புக் கண்ணாடிகளும் அடைத்த பெட்டிகள் சுவரோரம் மார்பளவுக்கு அடுக்கியிருந்தன.

"ஹேரிம், முன்னால வாம்மா. சாட்சிய இன்னொரு தரம் பாத்துடலாம்."

ஹேரிம் போய் நின்றாள். இருபத்தெட்டு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அங்கே ஒரு நாளைக்கு அவள் பேசுவதே, "இது தெளிவா இருக்கா, முன்னது தெளிவா இருந்துதா?" என்கிற அளவுதான். அவளைப் போய் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தியதற்கு ஒரே காரணம், அவள் மெங் அம்மாவின் மகள்.

மூன்று வருடங்களுக்கு முன் மெங் அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். சபையில் நூற்று எண்பது பேர் முறை வைத்து, நாற்பது நாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து வந்து ஜெபித்தார்கள். வருகைப் பட்டியல் கோயில் வாசலில் தொங்கியது. அறுவைச் சிகிச்சை முடிந்து, மருந்தும் முடிந்து, கடைசிப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று மருத்துவர் சொன்னார். அந்த ஞாயிறு சபையே எழுந்து நின்று அழுதது. அதிலிருந்து அது மெங் அம்மாவின் கதை இல்லை, சபையின் கதை. அதைத்தான் கோலாலம்பூரில் சீன முதியோர் இல்லத்திலும், பர்மாவிலிருந்து வந்த பிள்ளைகளின் பள்ளியிலும் சாட்சியாகச் சொல்லப்போகிறார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்து, நாலு நிமிடத்துக்குள்.

"எங்கள் அம்மாவின் பெயர் மெங் ஒக்சுன்," என்று ஹேரிம் ஆரம்பித்தாள்.

பக்கத்தில் நின்ற சுன்ஹ்வா அக்கா சீனத்தில் சொன்னாள். அவள் சீனாவின் யான்ஜியில் பிறந்த கொரியப் பெண். பத்து வருடமாகக் குன்சானில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் இருக்கிறாள். குழுவில் சீனம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நாலாவது வாக்கியத்தில் சுன்ஹ்வா கையைத் தூக்கினாள். "ஐயா, இந்தப் பொண்ணு பேசறது பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல. நான் எதைன்னு சீனத்துல சொல்ல? பேசாம என் சொந்தக் கதைய எடுத்து விட்டுடவா? புருஷன விட்டு ஓடி வந்த கதை. கிழவிங்க நல்லா கேப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஹேரிமும் சிரிக்கப் பார்த்தாள்.

"வயித்துலேருந்து பேசும்மா," என்றார் தாக் போதகர். "இது சோகக் கதை இல்ல. ஜெயிச்ச கதை. முகம் மலர்ந்து சொல்லணும்."

அவர் நல்ல மனிதர். முப்பத்தொன்றாம் நாள் விடியற்காலை, மனைவியைப் பிரசவ அறையில் விட்டுவிட்டு ஜெபத்துக்கு ஓடி வந்தவர். ஹேரிம் முதலில் எழுதிக்கொண்டு வந்த சாட்சியில், 'இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை என்று மருத்துவர் சொன்னார்' என்றுதான் இருந்தது. 'இப்போதைக்கு' என்ற சொல்லை அவர்தான் அன்போடு அடித்தார். 'கட்டி இருந்த சுவடே இல்லாமல் போயிற்று' என்று மாற்றினார். அப்படியே ஜெபக் கடிதத்தில் அச்சாகி, மெங் அம்மாவின் படத்தோடு ஐந்நூறு வீடுகளுக்குப் போய்விட்டது.

ஹேரிம் அந்த இடம் வந்ததும் நின்றாள். போன வாரமும் அங்கேதான் நின்றாள். அதற்கு முந்தின வாரமும்.

"கட்டி இருந்த..."

"சுவடே," என்று எடுத்துக் கொடுத்தான் தேவூங். அங்கே நடத்தப்போகும் மௌன நாடகத்தில் நோயாக நடிப்பவன் அவன். கறுப்புத் துணியை இப்போதே தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அக்கா, சீக்கிரம் சொல்லி முடிங்க. அப்பதான் நான் சாக முடியும். இந்தத் துணிக்குள்ள என்னா புழுக்கம் தெரியுமா? காலையிலேருந்து மூணு தடவ செத்துட்டேன்."

"நீ சரியாவே சாகறதில்லடா," என்றாள் சுன்ஹ்வா. "விழுந்துட்டு ஒரு கண்ணத் தொறந்து பாக்கற."

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் வாக்கியம் அப்படியே கடந்து போனது. கூச்சம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படி நினைப்பது ஹேரிமுக்கும் வசதியாக இருந்தது.

ஜூலை ஒன்றாம் தேதி எடுத்த ஸ்கேனில், நோய் திரும்பி வந்திருந்தது. மருத்துவர் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டி, இருபத்து நாலாம் தேதி வியாழக்கிழமை வந்து மருத்துவமனையில் சேர்ந்துவிடுங்கள் என்றார். அம்மா உடனே, "ஆகஸ்ட் பதினொண்ணுக்கு மேல வரலாமா?" என்று கேட்டாள். மருத்துவர் வேண்டாம் என்றார். அம்மா வரவேற்பில் போய் அவளே தேதியை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

திரும்பி வரும் பேருந்தில்தான் காரணம் சொன்னாள். "நாப்பது நாளுடி. நம்ம சபை சொ மூப்பருக்கு முட்டி மடங்காது, அந்த மனுஷன் ஒரு நாள் விடாம மண்டி போட்டாரு. நீங்க ஜெபிச்சது மூணு வருஷத்துக்குத்தான் தாங்கிச்சுன்னு நான் போயி அவங்க முகத்தப் பாத்துச் சொல்றதா? நீ போய்ச் சாட்சி சொல்லிட்டு வா. மத்தத அப்புறம் பாத்துக்கலாம். யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு."

ஹேரிம் சொன்னாள். பத்தொன்பது நாளாக வாயைத் திறக்கவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை கடையின் பின்புறம் நின்று மருத்துவமனைக்குத் தொலைபேசினாள். வியாழக்கிழமைப் படுக்கையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. திங்கள் காலை பத்து மணிக்குள் சொன்னால் அவர்களுக்கே வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பத்து மணிக்கு இன்னும் இருபது மணி நேரம் இருந்தது. அதைப் பலகையில் யாரும் எழுதவில்லை.

நாடகம் நடந்தது. ஹேரிம்தான் அதில் அம்மா. தேவூங் பின்னாலிருந்து கறுப்புத் துணியால் அவளைச் சுற்றினான். மற்றவர்கள் வட்டமாகக் கைகோத்து மண்டியிட்டார்கள். இசை உயரும்போது அவள் இரண்டு கையையும் விரித்துத் துணியை உதறவேண்டும். உதறினாள். தேவூங் தரையில் உருண்டு பெட்டிகளில் போய் இடித்துக்கொண்டு செத்தான். கைதட்டினார்கள்.

அப்போதுதான் மெங் அம்மா தர்ப்பூசணித் தட்டோடு படியிறங்கி வந்தாள். பின்னால் இரண்டு பெண்கள் இன்னும் இரண்டு தட்டு எடுத்து வந்தார்கள். காலையில் நூற்று எண்பது பேருக்கு சோயா முளை சூப் வைத்தவள். நெற்றியில் கட்டிய துண்டு நனைந்திருந்தது. தட்டை வைத்துவிட்டு ஒரு நொடி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை ஹேரிம் மட்டும் பார்த்தாள்.

"செத்தியாடா?" என்றாள் மெங் அம்மா தேவூங்கிடம்.

"உங்க தயவுல, நாலாவது தடவை."

"நல்லது. எழுந்து வந்து பழம் தின்னு."

தாக் போதகர் ஒரு துண்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பலகையைத் தட்டினார்.

"ஒரு விஷயம். நேத்து யாங் தம்பதியில அந்தம்மா கணுக்கால் பிசகிடுச்சு, வர முடியாதுன்னாங்க. ஒரு இடம் காலியா இருக்கு. குழுவாப் போட்ட டிக்கெட், நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள பேர மாத்திக்கலாம். ராத்திரி பூரா ஜெபிச்சேன். ஹேரிம் கூச்சப்படறா. சாட்சி சொல்றவங்க பக்கத்துல சாட்சியே வந்து நின்னா எப்படி இருக்கும்?" அவர் மெங் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினார். "அம்மா, நீங்களே வாங்க."

முதலில் கத்தியது தேவூங்தான். பிறகு எல்லாரும். மேசையைத் தட்டினார்கள். சுன்ஹ்வா மெங் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு, "அப்பாடா! சத்தமாப் பேசற ஆள் கெடச்சுது," என்றாள்.

"நானா, ஐயா? இந்த வயசுல..."

"ஐம்பத்தெட்டு ஒரு வயசா? எருசலேம் போக எடுத்த பாஸ்போர்ட் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

மெங் அம்மா மகளைப் பார்த்தாள். உதவி கேட்ட பார்வை இல்லை அது. சும்மா இரு என்ற பார்வை. பிறகு சபைக்கு நேராகத் திரும்பி, "கர்த்தர் கூப்பிட்டா நான் யாரு மாட்டேன்னு சொல்ல? ஆமென்," என்றாள்.

பன்னிரண்டு குரலும் ஆமென் என்றது.

அம்மா காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு படியேறியபோது ஹேரிம் பின்னாலேயே போனாள். படி திரும்பும் இடத்தில் தட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, முடியாதுன்னு சொல்லு."

"என்னன்னு சொல்லி முடியாதுங்கறது? முட்டி வலின்னா? சொ மூப்பர வெச்சுக்கிட்டா?"

"பதினோரு நாளு. அந்த வெயில்ல. நீ இப்பவே மேசையப் புடிச்சுக்கிட்டு நின்ன."

"சூப்பு அண்டா தூக்கினேன். நீ தூக்கிப் பாரு, நீயும் புடிப்ப."

"வியாழக்கிழமைக்குப் போயிடலாம்மா. அந்தப் படுக்கைய இன்னும் யாருக்கும் குடுக்கல. நான் போன் பண்ணிக் கேட்டேன்."

அம்மாவின் முகம் இறுகியது. "ஒன்ன யாரு கேக்கச் சொன்னது?"

ஹேரிம் தட்டை விடவில்லை.

"கேட்டுக்கோ," என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "எனக்குச் சாவு பயம் இல்ல. எனக்காக அழுதவங்க முன்னால பொய்யாப் போயிட்டோமேன்னு நிக்கறதுதான் பயம். அத என்னால முடியாது. நீ என் மகளா இருந்தா என்னை அங்க கொண்டுபோய் நிறுத்தாத. கீழ போ, ஜெபத்துக்குக் கூப்பிடறாங்க பாரு."

கீழே விளக்கைக் குறைத்திருந்தார்கள். தாக் போதகர் சொன்னபடி எல்லாரும் கையை உயர்த்தி, "கர்த்தாவே! கர்த்தாவே! கர்த்தாவே!" என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, ஒரே நேரத்தில் உரக்க ஜெபிக்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு ஜெபம். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டாள். அந்தக் கூச்சலுக்குள் யார் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது. ஹேரிம் வாயைத் திறந்தாள். இங்கேயாவது ஒரு தரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். உதடு அசைந்தது, குரல் எழவில்லை. பக்கத்தில் அம்மா எல்லாருடைய பேரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, தேவூங்கின் தொண்டைக்காக, சுன்ஹ்வாவின் இடுப்பு வலிக்காக, குழந்தையை விட்டு வரும் தாக் போதகருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகளைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டாள். அவளுக்குத் தைரியம் கொடும் என்றாள்.

விளக்கு போட்டார்கள்.

"பயணக் காப்பீட்டுக்கு மருத்துவப் படிவம் ஒண்ணு இருக்கு," என்றார் தாக் போதகர். "பேரோட சேத்து இன்னிக்கே அனுப்பிடறேன்." மெங் அம்மாவின் கையெல்லாம் பழச்சாறு. "நீங்க உக்காருங்கம்மா, நான் படிக்கறேன், பதில் மட்டும் சொல்லுங்க."

பெட்டி ஒன்றின் மேல் காகிதத்தை வைத்துக் குனிந்தார். மற்றவர்கள் மீதித் தர்ப்பூசணியைச் சுற்றி நின்றார்கள். தேவூங் கறுப்புத் துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

"ரத்தக் கொதிப்பு?"

"இல்ல."

"சர்க்கரை?"

"இல்ல."

"கடந்த அஞ்சு வருஷத்துல புற்றுநோய்." அவர் நிமிர்ந்து சிரித்தார். "இதுக்கு ஆமான்னுதான் போடணும். பக்கத்துல 'பூரண சுகம்'னு எழுதிடறேன். சரிதானே?"

"சரிங்க ஐயா."

பேனா காகிதத்தில் உரசும் சத்தம் ஹேரிமுக்குக் கேட்டது. அவர் கையெழுத்து பெரியது. ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி எழுதினார்.

"இப்ப ஏதாவது சிகிச்சை எடுத்துக்கறீங்களா?"

"இல்ல."

"அடுத்த மூணு மாசத்துக்குள்ள மருத்துவமனையில சேரச் சொல்லி யாராவது சொல்லியிருக்காங்களா?"

அம்மா நெற்றியில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"இல்ல," என்றாள்.

"இருக்கு," என்றாள் ஹேரிம்.

யாருக்கும் கேட்கவில்லை. தாக் போதகரின் பேனா அடுத்த கட்டத்துக்குப் போனது. சுன்ஹ்வா மட்டும் வாயில் பழத்தோடு திரும்பி, "என்னம்மா சொன்ன? சத்தமாச் சொல்லு," என்றாள்.

"ஹேரிம்," என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

ஹேரிம் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது. போதகரின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தபடி இரண்டடி முன்னால் வந்தாள். தேவூங் துணியைப் பாதி மடிப்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"இருக்குங்க ஐயா. அத எழுதாதீங்க," என்றாள். இந்த முறை குரல் அறையின் கடைசிச் சுவர் வரைக்கும் போயிற்று. "இந்த வியாழக்கிழமை சேரச் சொல்லியிருக்காங்க. அம்மாவுக்கு நோய் திரும்பி வந்துடுச்சு. கல்லீரல்ல, ரெண்டு எடத்துல."