இப்ப மட்டும் வராதே

ரொட்டிக்கடை வரிசையில் நஜ்லா நின்றிருந்தபோதுதான் மின்சாரம் வந்தது. பொழுது சாய்கிற நேரம். எதிர்க் கட்டடங்களில் ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் பரவ, குளிரில் விறைத்துக் கிடந்த ஹோம்ஸ் நகரத்துத் தெரு முழுவதும் "வந்துடுச்சு!" என்று கத்தியது.

"உன் புருஷனுக்கு யோகம்தான்டி," என்றாள் பின்னால் நின்ற சல்வா. "நாம இங்க விறைச்சு சாகுறோம். அவரு ஹீட்டர் பக்கத்துல ராஜா மாதிரி படுத்திருப்பாரு."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள் நஜ்லா. ஹீட்டர் என்ற சொல் மறுநொடிதான் உறைத்தது. வரிசையை விட்டு விலகி ஓடினாள்.

அந்த ஊரில் குளிர்காலத்தில் யாரும் ஹீட்டர் சுவிட்சை அணைப்பதில்லை. மின்சார மகாராசா எந்நேரம் எழுந்தருளுவார் என்று யாருக்குத் தெரியும்? வருகிற கொஞ்ச நேரத்தில் ஒரு நிமிடம்கூட வீணாகிவிடக் கூடாதே. ஆனால் வராமலே இருந்து இருந்து, ஹீட்டர் வெறும் பேருக்குத்தான் ஹீட்டராக இருந்தது. அதன்மேல் தட்டு வைப்பார்கள், துண்டு போடுவார்கள்.

அன்று காலை அவள் புருஷன் ருஷ்தி படுக்கையை நனைத்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து படுத்த மனிதருக்கு அது பெரிய அவமானம். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பேசவே மறுத்தார். துவைத்த விரிப்பு அவர் கண்ணில் பட வேண்டாம் என்று, தலைமாட்டுக்குப் பின்னால் இருந்த ஹீட்டரின்மேல் அதைப் பரப்பிவிட்டு, கதவையும் பூட்டிக்கொண்டு வந்திருந்தாள் நஜ்லா.

கட்டடத்துக்குள் நுழைந்தபோது லிஃப்டில் விளக்கு எரிந்தது. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் புத்தியுள்ளவர்கள் லிஃப்டில் ஏறுவதில்லை. போன வருடம் ஒரு மாப்பிள்ளைப் பையன் பெண் கேட்க வந்து, கையில் இனிப்புப் பெட்டியோடு உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியே வருவதற்குள் பாதிப் பெட்டியைக் காலிசெய்திருந்தான். நஜ்லாவின் வீடு ஆறாவது மாடி. அவளுக்கு ஏற்கெனவே மூச்சு இரைத்தது. யோசிக்காமல் ஏறிப் பொத்தானை அழுத்தினாள்.

ஐந்தாவது மாடியை எட்டுவதற்குள் விளக்கு அணைந்தது. லிஃப்ட் குலுங்கி நின்றது.

வேறு யாராவது என்றால் அலறியிருப்பார்கள். அவளோ, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். இங்கே இருட்டு என்றால் அங்கே ஹீட்டரும் அணைந்திருக்கும். குளிர்காலம் முழுக்கத் திட்டித் தீர்த்த இருட்டை அவள் அந்த நிமிடம் கும்பிடாத குறை.

உள்கதவு இல்லாத பழைய லிஃப்ட் அது; தலைக்கு நேராக ஐந்தாவது மாடிக் கதவின் அடிப்பக்கம் இருந்தது. அதைத் தட்டிக் கூப்பிட்டாள். கதவிடுக்கில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது.

"யாரு உள்ள?" அந்த மாடியில் குடியிருக்கும் அபூ நாயிஃபின் குரல்.

"நான்தான் அண்ணே, மேல் வீட்டு நஜ்லா."

"அட, நீயாம்மா! பயப்படாத. கரண்டை விட்டு விட்டு விளையாடுறானுங்க. இப்ப வந்துடும் பாரு."

"வரக் கூடாது! வரவே கூடாதுண்ணே! ஹீட்டர் மேல துணி கிடக்கு. அவரு தனியா இருக்காரு. இந்தாங்க சாவி!"

விரல்கள் மரத்துப் போயிருந்தன. சாவி நழுவினால் நேரே கீழே குழிக்குள்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கு வழியாகத் தள்ளினாள். அந்தப் பக்கம் ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. காலடிகள் மேலே ஓடின.

இப்ப மட்டும் வராதே, வராதே என்று மன்றாடினாள். ஊரே வா வா என்று ஏங்குகிற நேரத்தில் அவள் ஒருத்தி இப்படிக் கேட்டாள். அதில் அவளுக்கு வெட்கம் எதுவும் இல்லை.

காலடிகள் திரும்பி வந்தன.

"அணைச்சுட்டேன்மா. விரிப்பு கருகி ஓட்டையாயிடுச்சு. வீடெல்லாம் ஒரே புகை. ஜன்னலைத் திறந்து விட்டிருக்கேன்."

"அவரு?"

"இருமுறாரு. ஆனா நல்லா இருக்காரு. என் வீட்டுக்காரி பக்கத்துல இருக்கா."

நஜ்லா அப்படியே லிஃப்டின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரொம்பக் கத்தியிருக்காரும்மா," என்றார் அபூ நாயிஃப். "குளிருக்குன்னு ஜன்னலெல்லாம் அடைச்சு வெச்சிருக்கோம்ல, ஒருத்தர் காதுலயும் விழல. நான் போனதும் புகையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. 'என்னை விடுங்க. கரண்ட் வந்ததும் அவ பதறி ஓடி வந்திருப்பா. லிஃப்ட்ல மாட்டிட்டாளான்னு பாருங்க. அவளுக்கு இருட்டுன்னா உசுரே போயிடும்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுறாரு. என்னம்மா சொல்லட்டும்?"

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள்கூட அழாத நஜ்லா, சத்தம் வெளியே கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"லிஃப்ட்ல இல்லன்னு சொல்லுங்கண்ணே. படியில ஏறி வந்துக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க. மெதுவாத்தான் வருவேன்னு சொல்லுங்க."