சட்டத்துக்குள் ஒரு புள்ளி

சிராங்கூன் சாலையில் நடேசன் வைத்திருப்பது படங்களுக்குச் சட்டம் போடும் கடை. அங்கே முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே, மங்கலான ஒரு வெள்ளைப் புள்ளியும் சட்டத்துக்குள் தொங்கும். "இது எந்தச் சாமி?" என்று கேட்பவர்களிடம், "என் மகன் கண்டுபிடிச்ச கேலக்ஸி லா" என்பார். மகன் ரமணன் போய் ஐந்து மாதம் ஆகிறது. செத்தவர்கள் எத்தனையோ பேரின் படத்துக்குச் சட்டம் போட்ட கை, மகன் படத்தை மட்டும் தொடவில்லை. புள்ளிக்குத்தான் தினமும் பூ.

அந்தப் புள்ளியைப் பற்றிப் பேசத்தான் திவ்யதர்ஷினி வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் ரமணனோடு ஆய்வு செய்தவள். வாசல்வரை வந்தவளுக்கு உள்ளே போகக் கால் வரவில்லை.

"வாம்மா திவ்யா, ஏன் வெளியவே நிக்கிறே?"

அந்தப் புள்ளியைப் பற்றி ரமணனும் அவளும் எழுதி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் சங்கதி இதுதான். இளம் நட்சத்திரங்கள் அணுவிலிருந்து எலக்ட்ரானையே பிய்த்தெறியும் கதிரைக் கொட்டுகின்றன. சுற்றியுள்ள ஹைட்ரஜன் வாயு அதை விழுங்கிவிடும். வாயுவில் எங்காவது பொத்தல் விழுந்தால்தான் கதிர் தப்பி வரும். ஆயிரத்து நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படித் தப்பிய கதிரைப் பிடித்துவிட்டதாக, ரமணன் பெயரை முதலில் போட்டு எழுதியிருந்தார்கள்.

"அது தப்பு அங்கிள். அதுக்கு நேர் முன்னால சின்னதா இன்னொரு கேலக்ஸி நிக்குது. நாங்க பார்த்தது அதோட சாதாரண வெளிச்சம். தெம்பனிஸ்ல உங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து பார்த்தா, முன் ப்ளாக் லைட்டு பின் ப்ளாக் லைட்டு மாதிரி தெரியுமே, அப்படி. கட்டுரையைத் திரும்பப் பெறணும்."

நடேசன் படத்தையே பார்த்தார். "அவன் தப்புப் பண்ணிட்டானா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் பிழைத்திருப்பாள். செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போகிறானா? ஆனால் முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது?

"இல்ல அங்கிள். ஆஸ்பத்திரில கேட்டான். முன்னால ஏதாச்சும் நிக்குதான்னு பழைய டெலஸ்கோப் படங்கள்ல பார்த்தியான்னு. அதுக்கு மூணு வாரம் ஆகும். டாக்டர் பத்து நாள்தான் சொல்லியிருந்தார். பார்த்துட்டேன், ஒண்ணும் இல்லன்னு பொய் சொல்லிட்டேன். கட்டுரை நெட்ல வந்ததைக் கண்ணால பார்த்துட்டுப் போகட்டும்னு..."

திட்டுவார் என்று பயந்தாள். தேற்றுவார் என்று மனத்தின் ஒரு மூலையில் ஆசையும் இருந்தது.

"திரும்பப் பெறும்போது காரணம் எழுதுவீங்களா?"

"எழுதணும்."

"அவன் கேட்டான்னு எழுது. நீ பார்க்கலன்னும் எழுது."

அவள் வேலைக்கு வேட்டு வைக்க அந்த ஒரு வரி போதும். அது அவளுக்கும் தெரியும். "எழுதறேன் அங்கிள்" என்றாள்.

நடேசன் ஸ்டூலில் ஏறிப் படத்தை இறக்கினார். பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, புள்ளியை வெளியே எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"உன் போன்ல அவன் போட்டோ இருந்தா அனுப்பும்மா" என்றார். "மாலை போடணும்."